கண்ணாடி கொண்டுவரவில்லை

(பெங்களூரு லிங்கராஜபுரத்தில், படிப்பு முடித்து வேலை தேடும் இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தம்பிகளே, தங்கைகளே, இன்று நான் உங்களோடுதான் அதிகம் பேசப்போகிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு அழைக்கப் போன வாரம் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். மற்றவர்கள் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் மட்டும் படியில் நின்று கேட்டாள். "அங்கிள், நான் பி.காம். முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. ரெண்டு கால் சென்டர் மாறிட்டேன். கான்ஃபிடன்ஸ் வேணும், கான்ஃபிடன்ஸ் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. அது எங்கேர்ந்து வரும்? எனக்கு என்ன வேணும்னே எனக்குத் தெரியலையே." அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பும் ஏறக்குறைய அதுதான்.

'உன்னை நீ நம்பு' என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அப்படிச் சொல்லும் பேச்சுகள் உங்கள் போனிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் கேட்ட ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். மறுநாள் காலை ஓசூர் ரோட்டுக்கோ மான்யதா டெக் பார்க்குக்கோ கிளம்பும்போது பழைய கலக்கம் அப்படியே இருக்கும். ஏன் என்றால், எதை நம்பச் சொல்கிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. பையில் காசே போடாமல் எண்ணிப் பார் என்றால் என்னத்தை எண்ணுவது?

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் இதே லிங்கராஜபுரத்தில், ஆயில் மில் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ். தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும். பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் மொழி கன்னடம், மூன்றாவது இந்தி. தமிழில் சண்டை போடுவேன், பாடுவேன், சாமி கும்பிடுவேன். எழுத்து மட்டும் தெரியாது. இந்தக் கூடத்தில் அப்படிப் பலர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அது உங்கள் குற்றமில்லை.

எனக்கு 26 வயதில் அப்பா போய்விட்டார். காரியத்துக்குக் குடியாத்தம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். அச்சுக்குக் கொடுத்திருந்த காரியப் பத்திரிகையின் மாதிரித்தாள் வந்தது. பந்தலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா தாளை என்னிடம் நீட்டி, "பெரிய பையன் நீதானேப்பா, பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். கையில் வாங்கினேன். மஞ்சள் தாள், ஈர மை வாசனை. என் அப்பாவின் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "கண்ணாடி கொண்டுவரவில்லை, பெரியப்பா" என்றேன். அந்த வயதுவரை நான் கண்ணாடி போட்டதே கிடையாது. அது என் அம்மாவுக்குத் தெரியும். தூணோரம் உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏழாவது படிக்கும் ஒரு பெண், பங்காளி வீட்டுப் பிள்ளை, என் கையிலிருந்து தாளை வாங்கிக் கடகடவென்று படித்தாள். அப்பாவின் பெயரில் 'ல' வரவேண்டிய இடத்தில் 'ள' விழுந்திருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். பேனாவால் அதை வட்டமிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அதுவரை என்னிடம் தன்னம்பிக்கை இல்லையா? நிறைய இருந்தது. ஒரு பார்சல் ஆபீசில் பில் போடும் வேலை, கைநிறையச் சம்பளம், நான்கு பாஷை பேசும் வாய். ஆனால் எனக்குள் ஒரு மூலை இருந்தது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். யாராவது தமிழ்ப் பேப்பரை நீட்டினால் வேறு பேச்சு எடுப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். இப்படி ஒதுங்குவதற்கே தினமும் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது அந்தப் பந்தலில்தான் எனக்கு உறைத்தது.

சுயபரிசோதனை என்கிறோமே, அதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். 'எனக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் வராது. வந்தாலும் மாதத்துக்கு ஒன்றாக மாறும். 'நான் எதைப் பார்க்காமல் ஒதுங்கிப் போகிறேன்' என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு பதில் வரும். வயிற்றில் லேசாகப் பிசையும். அதுதான் சரியான பதில்.

இதற்குப் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். உ.வே. சாமிநாதையரைத் 'தமிழ்த் தாத்தா' என்று சொல்லிச் சொல்லி, அவர் பிறக்கும்போதே தாத்தாவாகப் பிறந்ததுபோல ஆக்கிவிட்டோம். அவருக்கு 25 வயது இருந்ததை நினைத்துப் பாருங்கள். 1855இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் 1876இல் அவர் மறையும்வரை பாடம் கேட்டவர். அப்போதே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றுக்கொண்டிருந்தார். சங்கீதம் தமிழ்ப் படிப்புக்கு இடைஞ்சல் என்று பிள்ளையவர்கள் கருதியதால் அதை விட்டார். சங்கீத வித்துவானின் மகன் அவர். இந்த ஒன்றை விட்டது அந்த வீட்டில் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 50 ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் வித்துவானுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வழி கிடைத்துவிட்டது என்று யாரும் நினைப்பார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். பிள்ளையவர்கள் பெயரைச் சொல்கிறார். வேறு எந்த வாசலிலும் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் மலரும். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. என்ன படித்தீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, கலம்பகம் என்று அடுக்குகிறார். இவற்றால் என்ன பயன் என்கிறார் முதலியார். இன்னும் பெரிய நூல்களைச் சொல்கிறார். அதற்கும் முதலியாருக்குத் திருப்தியில்லை. கடைசியில் கேட்கிறார்: சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? மணிமேகலை, சிலப்பதிகாரம்?

படித்ததில்லை. பாடம் சொன்ன ஆசிரியரே அவற்றைப் படித்ததில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கல்லூரி ஆசிரியர், ஊரே மதிக்கும் வித்துவான். தமிழாசிரியராக இல்லாத ஒரு நீதிபதியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் பந்தலில் சொன்னதுபோல ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவை சமண, பௌத்த நூல்கள், எங்களுக்கு அவை எதற்கு என்று கேட்டிருக்கலாம். சைவ மடத்துச் சூழலில் வளர்ந்தவருக்கு அந்தச் சாக்கு எளிதாகக் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிடும் தைரியம் உண்டு என்கிற மாதிரிப் பதில் சொன்னார். முதலியார் முகம் அப்போதுதான் தெளிந்தது. அடிக்கடி வரச் சொன்னார். தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தார்.

அவர் சொன்ன அந்தத் தைரியம் என்ன ஆயிற்று? பிரதியைத் திறந்ததும் ஆட்டம் கண்டது. சொல் புரியவில்லை, கதை புரியவில்லை. நச்சினார்க்கினியரின் உரையோ நூலைவிடக் கடினம். உரையாசிரியர் மேற்கோள் காட்டும் வரிகள் எந்த நூலில் உள்ளவை என்றே தெரியவில்லை. இவ்வளவு படித்த பிறகு மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டிய நிலை.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் சிந்தாமணியைப் பரம்பரையாகப் பாடம் சொல்லிப் படித்துவந்தார்கள். திருநீறு பூசிய இந்த ஆசிரியர் அவர்கள் வீட்டுக்குப் போனார். போன நேரத்தில் அங்கே சிந்தாமணியைப் படித்து முடித்ததைத் தோரணம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தான் படித்திராத நூல் தன் ஊரிலேயே, நடந்துபோகும் தூரத்தில் ஒரு பண்டிகையாக இருந்திருக்கிறது. உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். ஒரு சொல்லுக்குப் பொருள் கிடைத்தால் குறித்துக்கொண்டார். ஒரு மேற்கோளின் மூலத்தைத் தேடிப்போனால் அது வேறு ஒரு பழைய நூலில் கொண்டுவிட்டது. திருவாவடுதுறை மடத்து ஏடுகளுக்குள் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கண்ணில் பட்டது அப்படித்தான்.

நடுவில் ஒரு சோதனை வந்தது. யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை சாமிநாதையருக்கு முன்பே பதிப்புத் துறையில் இறங்கி அனுபவம் பெற்றவர். தமிழ் அவருக்குப் பட்ட கடன் பெரியது. அவர் சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிக் கேட்டார். சாமிநாதையருக்கோ இவ்வளவு பெரிய நூலை அச்சிட்ட அனுபவம் கிடையாது, பணமும் கிடையாது. தயங்கினார், மனம் கலங்கினார். கடைசியில், நானே பதிப்பிப்பேன் என்று நின்றார். அந்த உறுதிக்குத் தன்னம்பிக்கை என்று நாம் பெயர் வைக்கலாம். ஆனால் அது காற்றிலிருந்து வரவில்லை. சொல் சொல்லாக எழுதிச் சேர்த்த குறிப்புக் கட்டு அவரிடம் இருந்தது. 1880 அக்டோபரில் முதலியார் வீட்டில் 'தைரியம் உண்டு' என்று சொன்னபோது அது வாய்வார்த்தை. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தபோது அதே வார்த்தைக்கு அவர் கையிலேயே சாட்சி இருந்தது. அப்புறம் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று தொடர்ந்து வந்தன.

இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதினார். 85 வயதை நெருங்கும்போது, 1940இல், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். மகாமகோபாத்தியாயர் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வாங்கியவர், 60 வருஷத்துக்கு முன் ஒரு முன்சீபின் எதிரில் உட்கார்ந்து 'படித்ததில்லை' என்று சொன்னதைத் தேதி கிழமையோடு வாரப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்கிறார். தன் வாழ்க்கை திரும்பிய இடம் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தம்பிகளே, இது புலவர்களுக்குத்தானே பொருந்தும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பக்கத்து ஊருக்கு வாருங்கள். தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பி வரும் ரயிலில் எத்தனை ஆயிரம் பேர் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்! கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தாத்தா, அப்பா என்று பரம்பரையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் ஒரே நாளில் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இந்தக் கூடத்திலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பீர்கள்.

அந்தத் தங்கவயலில் 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அவர் குடும்பத்தினர் உலர் கழிப்பிடங்களில் கையால் மலம் அள்ளும் வேலை செய்தார்கள். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தார்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகள் கூப்பிட்ட பெயர் அவருக்குப் புரியவில்லை. வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். வளர்ந்த பிறகு நேரில் போய்ப் பார்த்தார். பார்த்து அழுதார். படித்த பையன், அந்த ஊரையே விட்டுப் போய்த் தன்னை மாற்றிக்கொண்டிருக்கலாம். யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. அவரோ தன் வீடு மறைத்துவைத்த அதே இடத்தில் போய் நின்றார். 1990களில், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எஸ்.ஆர். சங்கரன் போன்றவர்களோடு சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கத்தைக் கட்டினார். 2003இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2014 மார்ச் 27இல் தீர்ப்பு: 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். 2016இல் அவருக்கு மகசேசே விருது. அந்த இழிவு இன்னும் ஒழியவில்லை. குழிக்குள் சாவுகள் இன்றும் நடக்கின்றன. ஆனால் இன்று அவர் பேசும்போது அந்தக் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. அந்தக் குரல் எங்கே உருவானது என்பதை யோசியுங்கள்.

அவரைச் சொல்லும்போதே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 'உனக்குத் தன்னம்பிக்கை இல்லை, அதனால்தான் நீ முன்னேறவில்லை' என்று ஏழைப் பிள்ளைகளிடம் சொல்வது அநியாயம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், வாடகை ஏறிக்கொண்டே போகிறது, இன்டர்வியூவில் உங்கள் இங்கிலீஷைக் கேட்டு உதடு சுழிக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் மனதுக்குள் இருக்கும் குறை இல்லை. வெளியே இருக்கும் சுவர். சுவரைச் சுவர் என்றே சொல்லுங்கள். உங்களை நேராகப் பார்ப்பதில் அதுவும் ஒரு பகுதி. எது என் குறை, எது என்மேல் சுமத்தப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எத்தனையோ நல்ல பிள்ளைகள் எல்லாப் பழியையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து நான் பலமுறை மனம் நொந்திருக்கிறேன்.

நம் ஊரிலேயே இன்னொருவர், எழுத்தாளர் பாவண்ணன். தொலைபேசித் துறைப் பொறியாளராகக் கர்நாடகத்துக்கு வந்தவர். வந்த இடத்தின் மொழி தெரியாது என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. கன்னடம் கற்று, எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ' நாவலைத் தமிழில் 'பருவம்' என்று கொண்டுவந்து, மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தெரியாத மொழி நடுவே வந்து மாட்டிக்கொண்டோம் என்று புலம்புகிறவர்களிடம் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

சரி, பந்தலிலிருந்து திரும்பி வந்த பிறகு நான் என்ன செய்தேன்?

எங்கள் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். அம்மாவுக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஊரிலிருந்து வந்த மறுநாள் விடியற்காலை, நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, கண்ணாடியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. விரலை வைத்து, "இது ஞா. இது யி. இது று. ஞாயிறு" என்றார். அன்று அவ்வளவுதான். மறுநாள் திங்கள். ராகு காலம், எமகண்டம், குளிகை ஆகிய மூன்றும் தினமும் ஒரே இடத்தில் இருக்கும். அதனால் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் ஐந்து வார்த்தை எழுதிக் காட்ட வேண்டும். எழுதிய தாள்களை அம்மா தூக்கிப் போடவில்லை. மல்லிகைப்பூ சுற்றிவந்த நூலால் கட்டி அலமாரியில் வைத்தார்.

முதல் இரண்டு மாதம் அவமானமாகத்தான் இருந்தது. ஆபீசில் பத்துப் பேருக்குப் பதில் சொல்கிறவன், வீட்டில் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். எப்போது மாறியது என்று தெரியாது. ஒரு நாள் தினத்தந்தியின் தலைப்பைச் சத்தமாகப் படித்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். வருஷக் கடைசியில் அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 300க்கு மேல் தாள்கள். முதல் தாளில் கோணல்மாணலாக ஒரு 'ஞா'. கடைசித் தாளில் அம்மாவுக்கு நான் எழுதிய நான்கு வரி. மனசு தளரும்போதெல்லாம் அந்தக் கட்டைத்தான் எடுத்துப் பார்ப்பேன். யாரும் எனக்குக் கைதட்டவில்லை. அந்தக் கட்டு பொய் சொல்லாது, அது போதும்.

வாசல்படியில் நின்று கேட்ட பெண்ணிடம் நானும் ஒரு கேள்வி கேட்டேன். அவள் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன். "எதைப் பார்த்தா நீ ஓடுவே?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேலன்ஸ் ஷீட். பி.காம்.ல மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் ஆனேன். அக்கவுண்ட்ஸ் வேலைன்னு விளம்பரம் வந்தா அப்ளையே பண்ண மாட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பந்தலில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் அம்மா தெருவில் சீட்டுப் பிடிக்கிறார். 20 பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அம்மாவின் நோட்டை எடுத்து ஒரு மாதத்துக் கணக்கை மட்டும் எழுதிப் பார் என்றேன். நேற்று எழுதிக்கொண்டு வந்தாள். ஒருவர் 20,000 தள்ளி 80,000க்குச் சீட்டு எடுத்திருக்கிறார். தள்ளின 20,000இல் கமிஷன் 5,000 போக மீதி 15,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 750. ஆக அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 4,250. 20 பேரிடம் வசூல் 85,000. எடுத்தவருக்கு 80,000, கமிஷன் 5,000. வரவும் செலவும் ஒரு ரூபாய் பிசகாமல் நேராக நின்றது. "அங்கிள், ரெண்டு பக்கமும் சேருது" என்றாள். கணக்கில் இரண்டு பக்கமும் சேர்வது எப்படி என்ற, மூன்று வருஷப் படிப்பில் கிடைக்காத புரிதல் அம்மாவின் சீட்டு நோட்டில் கிடைத்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். இன்னும் 19 மாதக் கணக்கு பாக்கி இருக்கிறது. முடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கணக்குதான் அவள் வழியா என்று எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அவளுக்கே தெரியலாம். இல்லை, இது என் வழி இல்லை என்று தெரியலாம். பயந்து ஒதுங்குவதும் தெரிந்து ஒதுங்குவதும் ஒன்றில்லை.

நேரமாகிவிட்டது, ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இப்போது இந்த வட்டாரத்தில் தமிழில் காரியப் பத்திரிகை அடிக்கிறவர்கள் மாதிரித்தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்துகூட வருகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் கதவு தட்டப்படும். அழுது களைத்த முகத்தோடு ஒரு பையன் நிற்பான். உட்கார வைப்பேன், தண்ணீர் கொடுப்பேன். தாளை வாங்கி விளக்குக்குக் கீழே வைத்து, முதலில் இறந்தவரின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்ப்பேன். இப்போது எனக்கு உண்மையாகவே கண்ணாடி வேண்டியிருக்கிறது. அது எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும்.